பழைய பிளக் பொயின்டிலிருந்து புது அறைக்கு லைன் இழுக்கலாமா?

இங்கே ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான். வீடு சாம்பல்தீவில், வயரிங் ஏறக்குறைய இருபது வருடப் பழையது. கோடிப்பக்கமாக 12க்கு 10 அடியில் ஒரு அறை, அதோடு ஒட்டின பாத்ரூம், ஒரு சின்னக் குசினி கட்டுகிறார்கள். தம்பி கட்டாரில், அப்பா நின்று வேலையைப் பார்க்கிறார். வயரிங் செய்ய வந்த பையன், "நடு அறைப் பிளக்கில இருந்து லைனை இழுத்தாக் காணும்" என்கிறாராம். எந்த வயர் போடுவது, பிறகு ஏசி பூட்டலாமா, புது மீற்றர் எடுக்க வேணுமா என்று மூன்று கேள்வி. வயரின் பருமனைக் கேட்டாலும், தம்பியின் மனதில் இருப்பது பழைய வீட்டு வயரிங் புதுப் பகுதியையும் சேர்த்துத் தாங்குமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதிலைப் புது அறைச் சுவரில் தேட முடியாது. மீற்றருக்குப் பக்கத்திலிருக்கும் டிபியிலிருந்துதான், அதாவது மிகைக் கரண்ட் போனால் லைனை வெட்டும் பிரேக்கர்கள் பூட்டின பெட்டியிலிருந்துதான், தொடங்க வேண்டும்.

நான் திருகோணமலையில் வீட்டு வயரிங்கும், நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் மெயின்டனன்ஸ் வேலையும் செய்து வருகிறவன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: பழைய பிளக்கிலிருந்து இழுக்க வேண்டாம், டிபியிலிருந்து புதுப் பகுதிக்கென்று தனி லைன் வரட்டும். ஏசி போடலாம். வீட்டார் பாவிக்கப் போகும் அறை என்றால் புது மீற்றர் தேவையில்லை. இந்த மூன்றையும் வீட்டைப் பார்க்காமலே சொல்லலாம். பார்த்தால்தான் சொல்லலாம் என்கிற விடயங்களும் இருக்கின்றன. அவை வரும் இடத்தில் அப்படியே சொல்கிறேன்.

பழைய பிளக் ஏன் வேண்டாம்? அந்தப் பிளக்குக்கு வந்திருக்கும் வயர் பெரும்பாலும் 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். அது அந்தப் பிளக்குக்கு மட்டும் வந்த வயர் அல்ல. டிபியிலிருந்து புறப்பட்டு ஹோல் பிளக், அங்கிருந்து அடுத்த அறைப் பிளக் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்குரூவுக்குள் ஏறி இறங்கி வந்திருக்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் இருபது வருடப் பழைய பிளக்கைக் கழற்றினால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். பெட்டியின் காது துருப்பிடித்து ஸ்குரூவோடு கையில் வரும். செம்பின் நுனியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். லைவ் வயரின், அதாவது கரண்ட் வரும் வயரின், சிவப்பு உறை ஸ்குரூவுக்குக் கிட்ட அரை அங்குலத்துக்குக் கபில நிறமாகிக் கல் மாதிரி இறுகியிருக்கும், வளைத்தால் நொறுங்கும். அந்த நிறமாற்றம் அங்கே சூடு பிறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

தளர்ந்த ஒரு பொருத்தில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அதனூடாக 10 அம்பியர் போனால் அந்தச் சின்ன இடத்தில் 50 வாட் சூடு. சோல்டரிங் அயன் ஒன்றைச் சுவருக்குள் செருகி விட்டமாதிரி. பிரேக்கர் இதைப் பார்க்காது, ஏனென்றால் அதனூடாகப் போவது வழக்கமான 10 அம்பியர்தான். புது அறையின் இஸ்திரிக்கைப் பெட்டியும் குசினிக் கேத்தலும் அந்தப் பொருத்துகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் கரண்ட் எடுக்க வேண்டும். பையனுக்கு அரை நாள் வேலை மிச்சம், அவ்வளவுதான் அதில் லாபம்.

அடுத்தது மொத்தச் சுமை. மீற்றருக்குப் பக்கத்தில் மின்சார சபை பூட்டின பிரேக்கர் ஒன்று இருக்கும். அதில் பொறித்திருக்கும் எண்ணை அப்பாவிடம் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரேயொரு லைவ் வயர் வரும் ஒற்றை பேஸ் வீடுகளில் வழக்கமாக 30 அம்பியர், பழைய சின்ன இணைப்புகளில் 15 ஆகவும் இருக்கும். 15 என்றால் வேறு பேச்சில்லை, முதலில் இணைப்பைக் கூட்ட விண்ணப்பிக்க வேண்டும். 30 என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6,900 வாட். இதைத்தான் பழைய வீடும் புது அறையும் பங்குபோட வேண்டும்.

வீட்டிலுள்ள எல்லாவற்றின் வாட்டையும் கூட்டிப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. மோசமான ஒரு நேரத்தைக் கற்பனை செய்யுங்கள். மாலை ஆறரை மணி, கிணற்று மோட்டர் ஓடுகிறது, 1 குதிரைவலு என்றால் 5 அம்பியர் அளவில். குசினியில் 2,000 வாட் கேத்தல், 9 அம்பியர். புது அறையில் 9,000 பிடியு ஏசி, 4 அம்பியர். பாத்ரூமில் 3,500 வாட் உடனடி ஹீற்றர், 15 அம்பியர். மொத்தம் 33. லைட், ஃபேன், பிரிட்ஜ் இன்னும் சேரவில்லை. இதில் ஒரு விடயத்தைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். 33 அம்பியர் போனவுடன் 30 பிரேக்கர் விழுந்துவிடாது. பத்து வீத மிகைச் சுமையை அது மணிக்கணக்கில் தாங்கும். விழவில்லை என்பதால் எல்லாம் சரி என்று வீட்டார் நினைப்பார்கள், பிரேக்கரும் அதன் வாயிலுள்ள வயர்ப் பொருத்துகளும் ஒவ்வொரு மாலையும் சூடாகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கில் ஹீற்றரை எடுத்துவிட்டால் மிச்சம் 18, எல்லாம் வசதியாக ஓடும். கன்னியாவில் வெந்நீர் ஊற்றெடுக்கிற ஊரில், ஆவணி வெயிலில் தாங்கித் தண்ணீரே கொதிக்கிற இடத்தில், உடனடி ஹீற்றர் எதற்கு என்று நான் வாடிக்கையாளர்களிடம் கேட்பதுண்டு. மாரிக் குளிருக்கு அம்மா அப்பாவுக்கு வேண்டும் என்றால் நியாயம்தான். அப்படியானால் அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர், ஹீற்றர் ஓடும்போது மோட்டரையும் கேத்தலையும் போடுவதில்லை என்ற பழக்கம் மூன்றும் வேண்டும். பெரிய ஹீற்றரும் இரண்டாவது ஏசியும் வரும் என்ற திட்டம் இருந்தால் மூன்று பேஸுக்கு விண்ணப்பிப்பதை இப்போதே யோசியுங்கள். ஒரேயொரு சின்ன ஏசிக்காக மூன்று பேஸ் எடுப்பது வீண் செலவு.

இனி வயர். டிபியிலிருந்து புதுப் பகுதிக்கு 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீற்றர் வயரை லைவ், நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்), ஏர்த் (பிழைக் கரண்ட்டை நிலத்துக்கு இறக்கும் வயர்) மூன்றும் சேர்த்துக் கொண்டுபோய், அங்கே ஆறு வழியுள்ள சின்ன டிபி ஒன்றைப் பூட்டுவதுதான் என் விருப்பம். பழைய டிபியில் இந்த லைனுக்கு 25 அம்பியர் பிரேக்கர். 32 போட வேண்டாம், சபையின் பிரேக்கரே 30 ஆக இருக்கையில் அதற்குப் பொருளில்லை. தூரம் 18 மீற்றர் என்று எடுத்தால், 6 சதுர மில்லிமீற்றர் செம்பில் ஒரு அம்பியருக்கு ஒரு மீற்றருக்கு 7.3 மில்லி வோல்ட் விழும். 25 அம்பியரில் 3.3 வோல்ட். 7/0.67 இல் 20 அம்பியர் எடுத்தால் அதே தூரத்தில் 6.5 வோல்ட். நாம் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதிகளில் லைட்டுக்கு 3 வீதம், மற்றவற்றுக்கு 5 வீதம் எல்லை, அதாவது 6.9 வோல்ட்டும் 11.5 வோல்ட்டும். கணக்கை மட்டும் பார்த்தால் 7/0.67 உம் தப்பித்துவிடும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைட்டுக்குரிய எல்லை முழுவதும் வழியிலேயே முடிந்துவிடும், ஏசிக்கும் கேத்தலுக்கும் ஒன்றாக இடமிருக்காது. வயரைப் பிறகு மாற்றுவது சுவரை உடைக்கிற வேலை, அதனால் இந்த ஒரு ஓட்டத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புது டிபியிலிருந்து லைட், ஃபேனுக்கு 1/1.13 (1 சதுர மில்லிமீற்றர்) வயரில் 6 அம்பியர் பிரேக்கர். அறைப் பிளக்குகளுக்கு 7/0.67 இல் 20 அம்பியர், குசினிப் பிளக்குகளுக்கு அதே மாதிரி இன்னொன்று. ஏசிக்குத் தனியாக 7/0.67, 16 அம்பியர், மோட்டர் கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும் கரண்ட்டுக்கு விழாத சி வகை. மிச்சமிருக்கும் இரண்டு வழிகளை வெறுமையாக விடுங்கள். ஏசியை இப்போது வாங்காவிட்டாலும் அதற்கான பைப்பையும் வயரையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

பிரேக்கர் அளவில் ஒரு எச்சரிக்கை. 20 அம்பியர் 7/0.67 க்குச் சரி என்று எல்லாரும் சொல்வது 30 பாகை வெப்பநிலைக் கணக்கு. பைப்புக்குள் போகும் அந்த வயரின் திறன் அப்போது 24 அம்பியர். தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் வைகாசி, ஆனி மத்தியானத்தில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே 45 பாகை என்றால் 24 ஐ 0.79 ஆல் பெருக்க வேண்டும், 19 அம்பியர்தான் மிச்சம். 50 பாகை என்றால் 17. ஒரே பைப்பில் இரண்டு மூன்று லைனை அடைத்தால் இன்னும் குறையும். ஆகவே பிளக் லைன்களைக் கூரைக்குக் கீழால் கொண்டுபோகாமல் சுவரோடு கொண்டுபோங்கள். வேறு வழியில்லையென்றால் கூரைக்குள் ஓடும் லைனுக்கு 16 அம்பியர் பிரேக்கர் போடுங்கள், அல்லது வயரை 7/0.85 (4 சதுர மில்லிமீற்றர்) ஆக்குங்கள். கொங்கிரீட் பிளேட் போடுவதாக இருந்தால் இந்தப் பிரச்சினை குறைவு, ஆனால் ஃபேன் கொக்கியும் லைட் பைப்புகளும் கொங்கிரீட் ஊற்ற முதல் கம்பிக்குள் இருக்க வேண்டும். மேசன் ஊற்றுகிற நாளை வயரிங்காரருக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறைகள் கட்டும்போது அதிகமாகப் பிசகுவது இந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான்.

இப்போது ஏர்த். பையனும் தம்பியும் இதைப் பற்றிக் கதைக்கவே இல்லை, எனக்கோ இதில்தான் கூடிய கவலை. நம் வீடுகளுக்குச் சபை லைவும் நியூட்ரலும் மட்டுமே தருகிறது. ஏர்த் அந்தந்த வீட்டு வளவில் இறக்கின கம்பியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தடைதான் முழுக் கதையும். ஈரமான களிமண்ணில் அது குறைவு. உவர்மலைப் பக்கம் பாறையில் கம்பி இறங்காது. சாம்பல்தீவு, உப்புவெளி, நிலாவெளி மாதிரி மணல் நிலத்தில் மாரியில் ஒரு அளவு காட்டும், கச்சான் காற்றில் நிலம் காய்ந்த பிறகு பல மடங்கு கூடும்.

தடை 50 ஓம் என்று வைப்போம். பாத்ரூம் ஹீற்றருக்குள் லைவ் வயர் அதன் உடம்பில் முட்டிவிட்டது. 230 ஐ 50 ஆல் பிரித்தால் 4.6 அம்பியர்தான் நிலத்துக்குப் போகும். 20 அம்பியர் பிரேக்கர் அதைக் கணக்கிலேயே எடுக்காது, 6 அம்பியர் பிரேக்கரும் விழாது. ஹீற்றரின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் நிற்கும், ஈரக் கையோடு ஆள் உள்ளே நிற்பார். நம் நாட்டு ஏற்பாட்டில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிச், அதாவது 30 மில்லி அம்பியர் ஆர்சிசிபி. லைவில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பின கரண்ட்டும் சமனில்லை என்று கண்டவுடன் அது வெட்டும். 4.6 அம்பியர் வழிந்தால் கண்ணிமைக்க முதல் விழும். ஆள் தொட முதலே விழ வேண்டுமானால் ஏர்த் வேண்டும். ஏர்த் இல்லாவிட்டால் ஆளின் உடம்பினூடாகப் போகும் கரண்ட்டைக் கண்டுதான் விழும். பெரும்பாலும் தப்பலாம், ஆனால் அடி விழுந்துவிடும்.

ட்ரிப் சுவிச்சில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அழுத்தி விழுந்தால் ஏர்த் நல்லது என்று நம்புகிறவர்கள் அதிகம். அது சுவிச்சின் பொறி வேலை செய்கிறது என்பதை மட்டும் காட்டும். அந்தப் பொத்தான் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு சின்னத் தடையைப் போட்டுச் சோதிக்கிறது, வளவிலிருக்கும் கம்பி பிடுங்கிக் கிடந்தாலும் விழும். ஏர்த்தை மீற்றர் வைத்துத்தான் அளக்க வேண்டும். உப்புவெளியில் ஒரு வீட்டில் ஏர்த் வயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளிப்போடு அழகாகக் கட்டியிருந்தது. ஒரு காலத்தில் அது இரும்புக் குழாய், மண்ணுக்குள் ஓடியது. பிறகு யாரோ அடிப்பகுதியைப் பிவிசியாக மாற்றியிருக்கிறார்கள், மேலே ஒரு முழ இரும்பு மட்டும் மிச்சம். அந்த வீட்டு ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக விழுந்தது.

ஆகவே கம்பியைக் கண்டுபிடியுங்கள், பொருத்தைத் திறந்து பாருங்கள், அளக்கச் சொல்லுங்கள். அளவு பெரிதாக இருந்தால் இரண்டாவது கம்பி ஒன்றை, முதல் கம்பியிலிருந்து குறைந்தது அதன் நீளமளவாவது தள்ளி இறக்கி, இரண்டையும் செம்பு வயரால் இணைக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் பலன் குறைவு. ஆழமாக, தண்ணீர் மட்டத்தைத் தொடுமளவுக்குப் போனால் மணலில் நல்ல பலன். புது அறைக்கென்று தனியாக ஒரு கம்பி இறக்கி அதைப் பழைய ஏர்த்தோடு சேர்க்காமல் விடுவதை நான் செய்யமாட்டேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வேறு ஏர்த் இருந்தால், பிழை வரும் நேரத்தில் இரண்டு இரும்புச் சாமான்களுக்கு நடுவில் வோல்ட் நிற்கும். உங்கள் வளவில் எத்தனை ஓம் வரும் என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. முடிந்தால் ஆடி, ஆவணியில் அளக்கச் சொல்லுங்கள். மாரியில் எடுக்கிற நல்ல எண் நம்மை ஏமாற்றும்.

ட்ரிப் சுவிச் வீடு முழுவதற்கும் ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் புதுப் பாத்ரூமில் ஈரம் கசிந்தாலும் பழைய வீட்டுப் பிரிட்ஜ் நிற்கும், வீட்டில் யாரும் இல்லாத நாளென்றால் மீனெல்லாம் பழுது. புது டிபியிலும் ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் போட்டால் சரிவருமா என்றால், வராது. இரண்டும் ஒரே அளவு என்பதால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தும் விழும். செய்யக்கூடியது, புது லைனைப் பழைய ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலேயே பிரித்து, அதற்கென்று தனி 30 மில்லி அம்பியர் சுவிச்சைப் பழைய டிபிப் பக்கத்திலேயே பூட்டுவது. இப்படிப் பிரித்தால் ஒரு விதி: புதுப் பகுதியின் நியூட்ரல் பழைய பகுதியின் நியூட்ரலோடு எங்கேயும் சேரக்கூடாது. விறாந்தை லைட்டுக்குப் பழைய பக்கத்திலிருந்து லைவும் புதுப் பக்கத்திலிருந்து நியூட்ரலும் எடுத்தால் லைட்டைப் போட்டவுடன் இரண்டு சுவிச்சும் விழும். அதற்குப் பிறகு சுவிச்சில் பிழை என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்த வீடுகளும் இருக்கின்றன.

பாத்ரூமுக்குள் பிளக் வேண்டாம், சுவிச்சும் கதவுக்கு வெளியே. ஹீற்றர் வந்தால் லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டைமுனைச் சுவிச். குசினியில் பிளக்குகளைச் சிங்குக்கு மேலேயோ அடுப்புக்கு மேலேயோ வைக்காதீர்கள். மேசையின் மட்டத்துக்கு மேல், ஒன்றுக்கு ஒன்று எட்டத்தில் மூன்று இரட்டைப் பிளக் இருந்தால் மல்டி பிளக் தேவைப்படாது. மாரியில் வளவில் தண்ணீர் நிற்கிற பள்ளமான இடமென்றால் அறைப் பிளக்குகளையும் வழக்கத்தைவிட உயர்த்துங்கள், பார்க்க அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாப் பிளக்கும் சதுரக்கால் 13 அம்பியர் வகை, இப்போது நாட்டின் தரம் அதுதான். பழைய வட்டக்கால் சாமான்களின் பிளக்கை வெட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்திக்கொண்டு இரண்டு கால் பிளக்கைச் செருகுகிற வேலை நம் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அந்த ஓட்டை ஏர்த்துக்குரியது, மற்ற இரண்டு ஓட்டைக்குள்ளும் இருக்கும் தடுப்பு பிள்ளைகள் விரல் விடாமலிருக்க வைத்தது.

சுவர் விடயம் கொஞ்சம். 4 அங்குல சீமெந்துக் கல்லில் நிலைக்குத்தாக வெட்டும் காடி சுவரின் தடிப்பில் மூன்றிலொன்றை, அதாவது ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கிடையாக வெட்டினால் ஆறிலொன்றுதான், முக்கால் அங்குலமும் வராது. 20 மில்லிமீற்றர் பைப்பே முக்கால் அங்குலம். ஆகவே அந்தச் சுவரில் கிடையாகக் காடி வெட்டுவதை மறந்துவிடுங்கள். சுவரின் மேல் ஓரமாக, காடி வெட்டாமல் கிடையாகக் கொண்டுபோய் ஒவ்வொரு பொயின்டுக்கும் நேராகக் கீழே இறக்குங்கள். சரிவாக வெட்டிக் குறுக்குவழி பார்க்கிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நாளைக்கு யாராவது படம் மாட்ட ஆணி அடிக்கும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க முடியாமல் போகும். கடற்கரைப் பக்கத்துக்குச் சுவருக்குள் புதைக்கும் பிவிசி சன்க் பெட்டி, பித்தளை அல்லது துருவேறா உருக்கு ஸ்குரூ. உப்புக் கழுவாத கடல் மணலில் பூசினால் இரும்புப் பெட்டி சில வருடங்களில் கரைந்துவிடும். பூச முதல் அப்பா ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். தம்பி, கட்டாரிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய மேற்பார்வையில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

பழைய வயரின் நிறம் சிவப்பு, கறுப்பு, பச்சை. இப்போது வருவது கபிலம், நீலம், பச்சை மஞ்சள். இரண்டும் சந்திக்கும் டிபிக்குள் எது எது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பழைய வீட்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதுதான் உண்மையிலேயே சந்தேகமான கேள்வி. இருபது வருடம் என்றதும் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல செம்பு வயர், அளவான பிரேக்கர், சூடு காணாத பொருத்துகள் என்றால் அது இன்னும் பல வருடம் ஓடும். முடிவெடுக்க ஒரு சோதனை இருக்கிறது. எல்லாச் சாமான்களையும் கழற்றி, மெயினை நிறுத்தி, 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரால் (வயரின் உறை கரண்ட் கசியாமல் தடுக்கிறதா என்று காட்டும் மீற்றர்) லைவுக்கும் ஏர்த்துக்கும், நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளப்பது. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்த லைனை அப்படியே விடக்கூடாது. நூற்றுக்கணக்கில் காட்டினால் வயரைத் தொடாமல் பிளக், சுவிச்சுகளை மட்டும் மாற்றினால் போதும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் எந்த லைன், எந்தப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அது அங்கே நிற்கிறவரின் கண்ணைப் பொறுத்தது. புது லைனுக்கும் இதே சோதனையைக் கரண்ட் கொடுக்க முதல் செய்ய வேண்டும். பையனிடம் இந்த மீற்றர் இருக்கிறதா என்று கேளுங்கள். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் மட்டும்தான் இருக்கிறது என்றால் லைனை அவர் இழுக்கட்டும், சோதித்துக் கையெழுத்து வைக்க என்விகியூ (தேசிய தொழில் தகைமை) தகுதியுள்ள இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பையனைக் குறை சொல்வதற்கில்லை, நம் ஊரில் பலர் அண்ணனிடமும் மாமாவிடமும் பார்த்துப் பழகியே தொழிலுக்கு வந்தவர்கள், கை சுத்தமான வேலைக்காரர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

மீற்றரைப் பற்றி. ஒரே குடும்பம், ஒரே வளவு என்றால் இருக்கிற மீற்றர் காணும். தனி வாசல் வைத்து வாடகைக்குக் கொடுக்கிற எண்ணமிருந்தால் சபையின் பிரதேச அலுவலகத்தில் முதலே போய்க் கேளுங்கள், உள்ளூராட்சி மன்றத்தின் வரி இலக்கமும் அதில் சம்பந்தப்படும். மீற்றரின் சீலையும் அதற்கு முன்னாலுள்ள வயரையும் யாரும் தொடக்கூடாது, அது சபையின் சொத்து. ஏசி ஓடத் தொடங்கினால் பில் மாறும் என்பதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள். 9,000 பிடியு ஏசி இரவு முழுக்க ஓடினால் 3 இலிருந்து 5 அலகு வரை போகும், மாதத்துக்கு 90 இலிருந்து 150 வரை வரும். நம் கட்டணம் தட்டுத் தட்டாக ஏறுவதால் பழைய அலகுகளோடு சேர்ந்து மேல் தட்டுக்குப் போய்விடும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும்போது டிவியும் ரவுட்டரும் எரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். டிபியில் சேர்ஜ் புரடெக்டர் பூட்டலாம், ஆனால் அது மிகை வோல்ட்டைத் தள்ளிவிடுவது ஏர்த்துக்குள்தான். ஏர்த்தைத் திருத்தாமல் அதை வாங்காதீர்கள்.

அப்பாவிடம் சொல்லி மூன்று படம் எடுத்து இங்கே போடுங்கள்: டிபியின் மூடி திறந்த நிலையில் பிரேக்கர்களின் எண்கள் தெரிய ஒன்று, மீற்றர்ப் பக்கத்துப் பிரேக்கர் ஒன்று, ஏர்த் கம்பியின் தலைப் பொருத்து ஒன்று. டிபியின் உள்மூடியை அவர் கழற்றத் தேவையில்லை, வெளிக் கதவைத் திறந்தால் காணும். ட்ரிப் சுவிச்சின் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லையென்றால் புது அறை வேலை ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, முதலில் அந்தச் சுவிச்சை மாற்றட்டும்.